அரிய மரம் வேண்டாம், அடுக்கத் தெரிந்தால் போதும்

1472-ஆம் ஆண்டு இங்கிலாந்து நாடாளுமன்றம் வணிகக் கப்பல்கள் மீது ஒரு புது வகை வரியை விதித்தது. பணத்துக்குப் பதில் கட்டையாகச் செலுத்த வேண்டிய வரி அது. இங்கிலாந்துத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில்கட்டைகளைச் சேர்த்துக் கொண்டுவர வேண்டும் என்றது சட்டம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதுவும் போதாமல், ஒரு வகை இனிப்பு ஒயின் பீப்பாய் ஒன்றுக்குப் பத்துக் கட்டை என்று கேட்டார்கள். ஆங்கிலேயரின் படைபலம் நீள்வில்லை நம்பி இருந்தது. நீள்வில்லுக்கு யூ மரம் வேண்டும். ஆறடி நீளத்துக்குக் கணுவில்லாமல், முறுக்கில்லாமல், ரேகை நேராக ஓடும் யூ கட்டை உள்நாட்டில் போதிய அளவு கிடைக்கவில்லை. அதனால் ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய பவேரியா, ஆஸ்திரியா காடுகளில் தேறிய மரங்கள் எல்லாம் வெட்டப்பட்டுக் கப்பலேறின. மிக மெதுவாக வளரும் அந்த மரம், 16-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்தக் காடுகளில் அரிதாகிவிட்டது. ஒரே மரத்துண்டிலிருந்துதான் வில்லைச் செதுக்குவோம் என்று ஒரு நாடு பிடிவாதமாக இருந்தால் காட்டுக்கு என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வீட்டிலோ பள்ளிப் பட்டறையிலோ ஒரு வில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர் இன்றும் முதலில் கேட்பது, ‘எந்த மரம்?’ என்றுதான். மேலை நாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் யூ, ஓசேஜ் ஆரஞ்சு, ஹிக்கரி என்று பட்டியல் நீள்கிறது. நம் ஊர் மரவாடியில் இவற்றின் பெயரைச் சொன்னால் கடைக்காரருக்கே தெரியாது. அந்த இடத்தில் பலருடைய ஆசை அடங்கிவிடுகிறது. அப்படி அடங்க வேண்டியதில்லை என்பதே என் வாதம். மரத்தையும் மூங்கிலையும் மெல்லிய பட்டைகளாக்கி, அடுக்கி, ஒட்டிச் செய்யும் வில்லுக்கு அரிய மரம் எதுவும் வேண்டாம். கண்ணாடி நார், கார்பன் எதுவும் சேராத இந்த முழு மர அடுக்கு வில், சாதாரண மரத்தையும் கைக்கருவிகளையும் கொண்டு நல்ல வில் செய்வதற்கு மனிதர்கள் கண்டுபிடித்த வழிகளில் மிகச் சிறந்தது. நம் பள்ளிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் இதைக் கற்றுத்தரத் தொடங்க வேண்டும்.

வில்லை இழுக்கும்போது மரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால் இதன் காரணம் புரியும். எய்பவருடைய முகத்தைப் பார்த்திருக்கும் பக்கம் நசுங்குகிறது. இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம் இழுபடுகிறது. முதல் பக்கத்தை வயிறு என்றும் இரண்டாவதை முதுகு என்றும் வைத்துக்கொள்வோம். ஒரே தண்டின் இரு பக்கங்களுக்கும் நேர்மாறான இரண்டு வேலைகள். காய்ந்த, கணுவில்லாத மரம் பொதுவாக இழுவிசையைத் தாங்கும் அளவுக்கு அமுக்கத்தைத் தாங்காது. இரண்டையும் சம அளவில் தாங்கும் மரம் உலகில் அபூர்வம். யூ மரத்துக்கு அத்தனை மதிப்பு வந்ததும் இதனால்தான்: அதன் வெளிமரம் வெண்மையாக, இழுவிசைக்கு நன்றாக நீண்டு கொடுக்கும், உள்ளே செம்பழுப்பான வைரம் அமுக்கத்தைத் தாங்கும். 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலில் 130-க்கும் மேற்பட்ட முழு வில்கள் கிடைத்தன. அவற்றில் வெளிமரம் முதுகாகவும் வைரம் வயிறாகவும் வரும்படிதான் செதுக்கியிருக்கிறார்கள். அதாவது, யூ மரம் இயற்கையே ஒட்டிவைத்த ஈரடுக்கு வில். அந்த மரம் வளராத நாட்டு மக்கள் அதே அடுக்கைத் தங்கள் கையால் செய்துகொண்டார்கள்.

ஸ்காண்டிநேவியாவின் வடகோடியில் வாழும் சாமி மக்கள் செய்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர்களுடைய குளிர்நிலத்தில் வளர்வது பைனும் பிர்ச்சும். இரண்டுமே தனியாக வில்லுக்கு உயர்ந்த மரங்கள் அல்ல. ஆனால் சாய்ந்து வளரும் பைன் மரத்தின் அடிப்பக்கம், சாய்வைத் தாங்குவதற்காகக் கெட்டியாகவும் கருஞ்சிவப்பாகவும் இறுகும். பலகை அறுக்கிறவர்கள் கோணும், வெடிக்கும் என்று ஒதுக்கும் மரம் அது. அமுக்கத்தைத் தாங்குவதில் அதற்கு இணை அந்தக் காட்டில் கிடையாது. சாமி வில்லாளர்கள் அந்தக் கழிவு மரத்தை வயிற்றுக்கும், பிர்ச் பட்டையை முதுகுக்கும் வைத்து, மீன் தோலைக் காய்ச்சி எடுத்த பசையால் ஒட்டினார்கள். ஈரம் இறங்காமல் இருக்க மேலே பிர்ச் மரப்பட்டையைச் சுற்றினார்கள். நல்ல மரம் இல்லாத நாட்டில், எந்தத் துண்டு எந்த வேலைக்கு ஏற்றது என்று தெரிந்ததால் மட்டுமே பிறந்த வில் அது.

ஜப்பானியர்கள் இதை இன்னும் நுட்பமாக்கினார்கள். யூமி என்னும் அவர்களுடைய வில் 2 மீட்டரைத் தாண்டும். இன்றைய வழக்கமான அளவு 221 செ.மீ. பிடி நடுவில் இராது, கீழிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும். முதுகிலும் வயிற்றிலும் மூங்கில். இடையில் மூங்கில் கீற்றுகளும் மரமும். தெற்கே மியாசாகி மாவட்டத்தில் உள்ள மியாகோனோஜோ நகரத்தில் இன்றும் இதைக் கையால் செய்கிறார்கள். பசை தடவிய அடுக்குகளைக் கயிற்றால் நெருக்கச் சுற்றி, கயிற்றுக்கும் வில்லுக்கும் நடுவே மூங்கில் ஆப்புகளை வரிசையாக அடித்து இறக்குவார்கள். ஆப்பு இறங்க இறங்க அடுக்குகள் இறுகும். எந்தப் பக்கம் எவ்வளவு அடிக்கிறோம் என்பதைப் பொறுத்து வில்லின் வளைவும் உருவாகும். அச்சும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். கயிறும் ஆப்பும் சுத்தியலும் அனுபவமும் போதும். இன்று அந்த நாட்டிலும் தொடக்க நிலை மாணவர்கள் கண்ணாடி நார் வில்லை எடுக்கிறார்கள். ஆனால் தேர்ந்தவர்கள் மூங்கில் வில்லுக்குத் திரும்புவதும், அதைச் செய்வதற்கு ஆள் இருப்பதும் நாம் கவனிக்க வேண்டியவை.

அடுக்கி ஒட்டுவதால் என்ன லாபம் என்பதைக் கணக்கு எளிதாகச் சொல்லிவிடும். ஒரு சட்டத்தின் விறைப்பு அதன் அகலத்தைப் பொறுத்து நேர்விகிதத்தில் கூடும். தடிமனைப் பொறுத்தோ மும்மடிப்பெருக்கமாகக் கூடும். ஒரே தடிமனுள்ள மூன்று பட்டைகளை ஒட்டாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வளைத்தால், புத்தகத்தின் தாள்கள் போல ஒன்றின் மேல் ஒன்று நழுவும். மொத்த விறைப்பு ஒரு பட்டையைப்போல் மூன்று மடங்குதான். அவற்றையே ஒட்டிவிட்டால் நழுவ வழியில்லை, விறைப்பு 27 மடங்காகும். வெறும் பசைப்படலம் ஒன்பது மடங்கு வித்தியாசத்தை உண்டாக்குகிறது. ஒட்டுவதற்கு முன் மூன்று பட்டைகளையும் கையாலேயே வளைத்து வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவரலாம். பசை இறுகிய பிறகு அந்த வடிவம் அப்படியே நிலைத்துவிடும். இலக்கை நோக்கிச் சற்றே முன்வளைந்த வில்லை ஒரே கட்டையிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் ஆவி காட்டி, சூடேற்றி, பயந்து பயந்து வளைக்க வேண்டும். அடுக்கு வில்லில் அது தானாக வந்துவிடுகிறது. ஒரு பட்டையில் கண்ணுக்குத் தெரியாத குறை இருந்தாலும் அடுத்த பட்டை அதே இடத்தில் நன்றாக இருக்கும். முழுக் கட்டையில் அந்தக் குறை ஆழமாக ஓடும், தப்ப இடமில்லை.

இந்த வில்லை வீட்டில் செய்வதற்கு என்ன வேண்டும்? 28 அங்குலம் இழுக்கும் பெரியவருக்கு, நடுப்பிடி வளையாத வில் என்றால் 66 முதல் 68 அங்குல நீளம் பாதுகாப்பானது. அகலம் பிடிக்கு அருகில் 35 மில்லிமீட்டர் அளவில் தொடங்கி, நுனிக்குப் போகப் போக ஒடுங்க வேண்டும். முதுகுக்கு மூங்கிலைப் போன்ற பொருள் வேறில்லை. அதன் வலுவெல்லாம் தோலை ஒட்டிய நார்களில்தான் இருக்கிறது. ஆகவே வெளிப்பக்கத்தைத் தொடவே கூடாது. மேலே படிந்த பச்சை மெழுகைச் சுரண்டுவதோடு நிறுத்திவிட்டு, உட்பக்கத்தை மட்டும் இழைப்புளியால் இழைத்துத் தட்டையாக்க வேண்டும். பிடியருகே 3 மில்லிமீட்டர், நுனியில் 2 மில்லிமீட்டர் போதும். ஆசைப்பட்டுத் தடிமனாக விட்டால் மூங்கிலின் வலு வயிற்று மரத்தை நசுக்கிவிடும். ஒட்டுவதற்கு இரண்டங்குலச் சட்டத்தில் வேண்டிய வளைவை அறுத்து அச்சாக்கிக்கொண்டு, பசை பூசிய பட்டைகளை அதன்மேல் வைத்து, பழைய சைக்கிள் டியூபை நீளக் கீற்றுகளாக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றினால் போதும். விலை உயர்ந்த கிளாம்ப் இருபது கொடுக்கும் அழுத்தத்தைவிட, டியூப் கொடுக்கும் அழுத்தம் சீராகவே இருக்கும்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளை வில்லாளர்கள் லிம்ப் என்கிறார்கள். இரண்டு லிம்பும் ஒரே அளவில் வளைய வேண்டும். ஒவ்வொன்றிலும் வளைவு எந்த ஓரிடத்திலும் குவியாமல் முழு நீளத்துக்கும் பரவ வேண்டும். வில்லைச் சுவரில் ஒரு தாங்கியில் கிடத்தி, நாணில் கயிறு கட்டி, கீழே ஒரு கப்பி வழியாகத் தள்ளி நின்று மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். எங்கே விறைத்து நிற்கிறதோ அங்கே வயிற்றுப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் சுரண்ட வேண்டும். எங்கே அதிகம் வளைகிறதோ அங்கே கைவைக்கவே கூடாது. 10 மில்லிமீட்டர் தடிமனில் 1 மில்லிமீட்டரை எடுத்தால் அந்த இடத்தின் விறைப்பில் 27 சதவீதம் போய்விடும். வில் முழுக்க அப்படி எடுத்தால் 40 பவுண்டு வில் 30 பவுண்டுக்குக் கீழே இறங்கிவிடும். ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் முப்பது நாற்பது தடவை இழுத்துவிட்டுத்தான் அடுத்த சுரண்டலுக்குப் போக வேண்டும், ஏனென்றால் மரம் தன் மாற்றத்தை உடனே காட்டாது. வயிற்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், மரம் நசுங்கத் தொடங்கிய இடத்தில் முடிபோன்ற குறுக்குக் கோடுகள் தெரியும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். அந்தக் கோடு விழுந்த வில்லை அழித்துத் திருத்த முடியாது. வடிவியலையும் பொருளியல்பையும் கையால் கற்பிக்க இதற்கு இணையான பாடம் பள்ளியில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சரி, நம் ஊரில் எந்த மரத்தை எடுப்பது? முதுகுக்கு முள்மூங்கில் ஏற்றது. அதன் கழி பருமனாக இருப்பதால், பிளந்து எடுக்கும் பட்டை அதிகம் குவியாமல் கிடைக்கும். மூன்றாண்டுக்கு மேல் முற்றியதாக இருக்க வேண்டும். இளங்கழியில் மாவுச்சத்து அதிகம், சீக்கிரம் உளுத்துவிடும். வயிற்றுக்கு மல்பெரியைப் பரிந்துரைப்பேன். அமெரிக்கப் பழங்குடிகள் உயர்வாக மதித்த ஓசேஜ் ஆரஞ்சும் மல்பெரியும் ஒரே தாவரக் குடும்பம். பஞ்சாபின் ஜலந்தரில் ஹாக்கி மட்டைக்கு மல்பெரி மரத்தை எடுப்பதும் அது உடையாமல் அடி தாங்கும் என்பதால்தான். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பட்டுப்புழுவுக்காகப் புதராக வெட்டி வளர்க்கப்படும் செடி, மரமாக வளரவிட்டால் வில்லுக்கு உதவும். நம் மலைக்காடுகளில் வளரும் சடச்சியும் வளைந்து கொடுக்கும் மரம். கருவிப் பிடிகளுக்கு நெடுங்காலமாகப் பயன்படுகிறது. ஆறடிக் கட்டை கிடைக்கவில்லை என்ற கவலையும் வேண்டாம். மூன்றடித் துண்டுகள் இரண்டைப் பிடியின் நடுவே மீன்வால் போல வெட்டிக் கோத்து ஒட்டிவிடலாம்; பிடி வளைவதில்லை என்பதால் மூட்டுக்கு ஆபத்தில்லை. மூங்கில் வாங்குவதிலும் இப்போது சிக்கல் குறைவு. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் ‘மரம்’ என்ற சட்ட வரையறையிலிருந்து 2017-இல் நீக்கப்பட்டுவிட்டது.

இந்த முறைக்கு இரண்டு எதிர்த்திசைகளிலிருந்து மறுப்பு வருகிறது. பழமையைப் போற்றுகிறவர்கள், ஒரே கட்டையில் செதுக்கியதுதான் வில், பசை போட்டு ஒட்டியது போலி என்கிறார்கள். வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. சாமி வில்லும் ஜப்பானிய வில்லும் ஒட்டப்பட்டவை. துருக்கியர் முதல் முகலாயர் வரை கொண்டாடிய கொம்பு வில், மரத்தின் வயிற்றில் கொம்பையும் முதுகில் விலங்கின் தசைநாரையும் ஒட்டிச் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனில் வில்வித்தை ஒரு விளையாட்டாக மறுமலர்ச்சி பெற்றபோது, வேறு மரங்களின் முதுகில் ஹிக்கரிப் பட்டை ஒட்டிய வில்கள் சாதாரணமாகப் புழங்கின. ஒரே கட்டை வில்லைச் செதுக்குவது பெரிய கலை, அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதைச் செய்ய ஆண்டு வளையம் ஒன்றையும் அறுக்காமல் பின்தொடரக் கூடிய நெடுமரம் வேண்டும். நம் நாட்டில் அப்படிப்பட்ட மரத்தை ஒரு மாணவனுக்குப் பழகக் கொடுப்பது நியாயமாகாது. ஒரு பலகையிலிருந்து பத்துப் பட்டை எடுக்கலாம், ஒன்று கெட்டால் மற்றதை எடுக்கலாம் என்றிருக்கும் இடத்தில்தான் தொடக்கக்காரர் தைரியமாகத் தவறு செய்ய முடியும்.

மற்றொரு மறுப்பு இன்னும் வலுவானது. 1950-கள் முதல் கண்ணாடி நார்ப் பட்டையை முதுகிலும் வயிற்றிலும் ஒட்டிச் செய்யும் வில் உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. அது எளிதில் உடைவதில்லை, வளைந்தே நின்றுவிடுவதில்லை, மழைக்கும் அஞ்சுவதில்லை. அப்படியிருக்க, மரத்தை மட்டும் நம்புவது ஏன்? வில்லை வாங்கி எய்கிறவருக்கு இந்தக் கேள்வி சரி. அவர் கண்ணாடி நார் வில்லை வாங்கட்டும். செய்ய விரும்புகிறவருக்கு என் பதில் வேறு. ஒரே பொருளாலான சட்டத்தை எடுத்துக்கொண்டால், தடிமனில் மேலே பத்தில் ஒரு பங்கும் கீழே பத்தில் ஒரு பங்கும் சேர்ந்து கிட்டத்தட்டப் பாதி விறைப்பைத் தருகின்றன. அந்த இரண்டு ஓரங்களிலும் மரத்தைவிட மூன்று மடங்கு விறைப்பான கண்ணாடி நாரை வைத்தால், வேலையில் முக்கால் பங்கு அதற்குப் போய்விடும். நடுவில் இருக்கும் மரம் எதுவாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ரேகை கோணலாக ஓடினாலும், ஈரம் அதிகம் இருந்தாலும், கண்ணாடி மறைத்துவிடும். அப்படிச் செய்தவர் கையில் வில் இருக்கும், வில்லைப் பற்றிய அறிவு இராது. கண்ணாடி நாரைச் சீராக்க அறுத்துத் தேய்க்கும்போது எழும் தூசு தோலையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும் என்பதும், உடைந்தால் மட்கவே மட்காது என்பதும் வீட்டுப் பட்டறையில் கணக்கில் வரவேண்டியவை. எடை விஷயத்திலும் மரம் தோற்றதல்ல. வில் தன் சேமிப்பில் ஒரு பகுதியை அம்புக்கும் ஒரு பகுதியைத் தன் நுனிகளை நகர்த்தவும் செலவிடுகிறது; நுனி இலேசாக இருந்தால் அம்புக்குப் போகும் பங்கு கூடும். 1930-களிலேயே ஹிக்மன், க்ளோப்ஸ்டெக் என்ற அமெரிக்க இயற்பியலாளர்கள் மர வில்லை அளந்து, கணக்கிட்டு, உருண்டைக் குறுக்குவெட்டைவிடத் தட்டையானது மேல் என்பது போன்ற முடிவுகளுக்கு வந்திருந்தார்கள். மர வில்லின் அறிவியல் கண்ணாடிக்கு முன்பே முதிர்ந்துவிட்டது.

பசையைப் பற்றிய சந்தேகம் நியாயமானது. நம் நாட்டின் ஈரக்காற்றில் பழைய விலங்குப் பசை இளகியது; அந்தக் குறையைத் தவிர்க்கத்தான் இந்தியாவில் எஃகு வில்களே செய்திருக்கிறார்கள் என்று சொல்வதுண்டு. இன்று அரால்டைட் போன்ற எப்பாக்சிப் பசை அந்தக் கவலையைப் பெரிதும் தீர்த்துவிட்டது. தச்சர்கள் புழங்கும் வெள்ளைப் பசை தொடர்ந்து இழுபடும் இடத்தில் மெல்ல நகரும். வளைத்து ஒட்டும் வில்லுக்கு அது உகந்ததல்ல. எப்பாக்சியைக் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. சிலருக்குத் தோல் ஒவ்வாமை வந்தால் பிறகு போகவே போகாது. மூடிய காருக்குள் வெயிலில் வைத்த வில்லில் எந்தப் பசையும் பலவீனப்படும். மரத்தின் ஈரம் இதைவிட முக்கியம். வில்லுக்கு 8 முதல் 10 சதவீத ஈரம் நல்லது. கடலோர ஊர்களில் நிழலில் காய்ந்த மரத்தில்கூட 12 சதவீதத்துக்கு மேல் நிற்கும். ஒரு பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, ஒட்டுவதற்கு முன் பட்டைகளைச் சில நாள் அதில் வைத்தால் ஈரம் இறங்கிவிடும். முடிந்த வில்லுக்கு வார்னிஷ் பூசினால் திரும்ப ஏறுவது தாமதமாகும். இத்தனை செய்தாலும் மர வில் கண்ணாடி வில்லைப்போல நெடுங்காலம் உழைக்காது. செய்யத் தெரிந்தவருக்கு அது இழப்பே அல்ல, அடுத்த வில்லை அவரே செய்துகொள்வார்.

‘பிள்ளைகள் கையில் வில்லைக் கொடுப்பது ஆபத்தில்லையா?’ என்று பெற்றோர் கேட்பார்கள். ஆபத்து உண்டு, அதை மறைக்கக் கூடாது. உடையும் வில்லின் துண்டு முகத்தை நோக்கிப் பாயும். அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டால், அம்புக்குப் போக வேண்டிய சக்தி முழுவதும் லிம்புக்கே திரும்பி, நல்ல வில்லையும் உடைத்துவிடும். அதனால்தான் கப்பியும் தூரமும். வளைவு சமனாகும்வரை முழு இழுப்புக்குப் போகக் கூடாது; பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் வில்லின் எதிரே நிற்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு 15 முதல் 20 பவுண்டுக்கு மேல் வேண்டாம். அம்பின் முனை இலக்கு அட்டைக்கு ஏற்ற மழுங்கல் முனையாக இருக்கட்டும். வேட்டைக்கு இடமே இல்லை. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தெளிவாகத் தடுக்கிறது. இந்த விதிகள் எதுவும் தச்சுப் பட்டறையில் ரம்பமும் உளியும் பிடிக்கும் மாணவனுக்குச் சொல்லப்படும் விதிகளைவிடக் கடினமானவை அல்ல.

இன்னொரு கேள்வி, ‘பதக்கம் வருமா?’ என்பது. 2024 பாரிஸ் வரை இந்தியா ஒலிம்பிக் வில்வித்தையில் பதக்கம் வென்றதில்லை. ஒலிம்பிக்கில் எய்யும் ரிகர்வ் வகை வில்லின் முழுத் தளவாடம் லட்ச ரூபாயைத் தாண்டும். மர வில்லால் அங்கே போக முடியாது, உண்மைதான். ஆனால் அங்கே போனவர்கள் எங்கிருந்து தொடங்கினார்கள் என்று பார்க்க வேண்டும். ராஜஸ்தானின் லிம்பா ராமும் ஜார்க்கண்டின் தீபிகா குமாரியும் மூங்கில் வில்லோடு தொடங்கியவர்கள். தேசியப் போட்டிகளில் இதை ஏற்றுக்கொண்ட பிரிவும் ஒன்று இருக்கிறது: ‘இந்தியன் ரவுண்டு’ என்ற பெயரில் மூங்கில், மர வில்களைக் கொண்டு 30, 50 மீட்டர் தொலைவில் எய்கிறார்கள். குறிபார்க்கும் கருவியும், வில்லை நிலைப்படுத்தும் தண்டுகளும் அதில் தேவையில்லை. ஏழை மாநிலங்களின் பழங்குடிப் பிள்ளைகளும் பெரிய மைதானத்தில் நிற்க வழிசெய்தது இந்தப் பிரிவுதான். வில்லைத் தாங்களே செய்யத் தெரிந்தால் அந்தப் பிள்ளைகளின் கை இன்னும் ஓங்கும். சேரரின் கொடியில் வில் இருந்ததைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், ஒரு வில்லின் லிம்ப் எப்படி வளைய வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளலாம்.

செய்ய வேண்டியது பெரிதில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சுப் பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. மூட்டு, ரேகை, ஈரம், ஒட்டுதல் எல்லாம் பாடத்தில் இருக்கின்றன. அவற்றை ஒன்றாகச் சோதிக்கும் பயிற்சியாக, மாணவர்கள் ஆளுக்கொரு அடுக்கு வில் செய்யலாம். அரசுப் பள்ளிகளில் கைத்தொழில் ஆசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் சேர்ந்து மேல் வகுப்புகளுக்கு இதை நடத்தலாம். ஒரு வகுப்புக்கு இரண்டு முள்மூங்கில் கழி, ஒரு பலகை, எப்பாக்சி, பழைய டியூப், இரண்டு இழைப்புளி, அரம், உப்புத்தாள், கப்பி, எடை காட்டும் ஸ்பிரிங் தராசு ஆகியவை போதும். ஸ்பிரிங் தராசைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்: ஒவ்வோர் அங்குலம் இழுக்கும்போதும் எத்தனை பவுண்டு ஏறுகிறது என்று குறித்து வரைபடம் போட்டால், கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு வில்லில் சேர்ந்த சக்தி. அது பத்தாம் வகுப்பு மாணவன் கையால் தொட்டுப் பார்க்கும் வேலை-ஆற்றல் கணக்கு. மாவட்ட வில்வித்தைச் சங்கங்கள் இந்தியன் ரவுண்டு போட்டிகளிலேயே, சொந்தமாகச் செய்த முழு மர அடுக்கு வில்லுக்கென்று ஒரு தனிப் பிரிவை வைத்து, எய்தவர் பெற்ற புள்ளியோடு வில்லின் வளைவுச் சமனையும் மதிப்பிட வேண்டும். முதலில் ஒன்றிரண்டு மாவட்டங்களில் நடத்தி, உடைந்த வில்களையும் காட்சிக்கு வைத்து, எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று செய்தவரையே விளக்கச் சொல்லலாம்.